பழனிச்சாமியின் இடது கால்

பத்தாவது மைல்கல்லைத் தாண்டியதும் அந்தக் கருகல் வாடை வந்தது.

உடையப்பன் முதலில் நம்பவில்லை. சாலையோரத்தில் எவரோ சருகு கொளுத்துகிறார்கள் என்று எண்ணி இரண்டு பக்கமும் பார்த்தார். செம்மண் பொட்டல். நாலைந்து உடைமரங்கள். தூரத்தில் வற்றிய கண்மாயின் கரை. எங்கும் புகை இல்லை. பிறகு குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். கால் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. கிளட்சுப் பெடலுக்கு ஒரு சாண் தள்ளி, தரைப்பலகையில் பதிந்து.

காலை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார். வாடை போகவில்லை.

பெடல் மேல் காலை வைக்காமல் இந்த வாடை வராது. மூன்று வாரத்துக்கு முன்னால் பத்துப் பேர் கூடியிருந்த இடத்தில் அவர் சொன்ன வார்த்தை அது. அந்த வார்த்தையால்தான் ஒருவனுக்கு வேலை போனது.

ஆக்சிலேட்டரை மிதித்தார். எஞ்சின் அலறியது. வண்டி அதே வேகத்தில் போனது. இன்னொரு தரம் மிதித்தார். சத்தம் ஏறியது, வேகம் இறங்கியது. ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு, இறங்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

உடையப்பன் புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனியின் பழுதுபார்க்கும் செட்டில் மேஸ்திரி. பதின்மூன்று வருஷமாக பஸ்களைப் பிரித்துப் பூட்டிய கை. சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய மறு வருஷம், இப்போது அவர் ஓட்டிவந்த இந்த இரண்டு சீட்டுக் கார் அவரிடம் வந்தது. கட்டுமாவடியிலிருந்து கொழும்புக்குக் கருவாடு ஏற்றுகிற மரியசெல்வத்தின் வண்டி. யுத்தத்துக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரையிடம் இலங்கையில் வாங்கியது. கூரை இல்லாமல், தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு பறக்கும் பச்சை வண்டி. மரியசெல்வத்துக்கு ஓட்டத் தெரியாது. ஒரு சீட்டில் டிரைவர், இன்னொரு சீட்டில் அவர், பின்னால் இருந்த முழ இடத்தில் மாதிரிக் கருவாட்டுப் பெட்டி. பஸ் டிரைவர்கள் அதற்குக் கருவாட்டு விமானம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அதை ஓட்டியவன் பழனிச்சாமி. உடையப்பனின் மனைவி செவந்திக்குக் கூடப்பிறந்த தம்பி.

சித்திரையில் முதல் தடவை வண்டி செட்டுக்கு வந்தபோது குறை சின்னது. காலையில் கிளட்சுப் பெடலை முழுக்க அமுக்கினாலும் வண்டி எறும்பு ஊர்வதுபோல முன்னால் நகர்ந்தது. கியர் விழும்போது நறநறவென்றது. உடையப்பன் தரைப்பலகையைத் தூக்கி, கிளட்சுக் கூட்டின் மூடியைக் கழற்றி உள்ளே விரல் விட்டார். விரல் எண்ணெயில் முங்கியது.

பஸ் மேஸ்திரிக்கு அதைவிடப் பதறடிக்கும் விஷயம் கிடையாது. பஸ்ஸின் கிளட்சில் எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தாலும், எஞ்சின் சுற்றைச் சக்கரத்துக்குக் கடத்தும் பிளேட்டு வழுக்கும். ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும். அதற்காகவே அந்த ஊர் டிரைவர்கள் அரிசி மில்லிலிருந்து உமிச்சாம்பல் வாங்கி டப்பாவில் வைத்திருப்பார்கள். வழுக்கினால் மூடியைத் திறந்து ஒரு கைப்பிடி உள்ளே வீசுவார்கள். சாம்பல் எண்ணெயைக் குடிக்கும், பஸ் ஏறிவிடும். அப்படிப்பட்ட ஊரில், இந்த வண்டியின் கிளட்சு அரைப்படி எண்ணெயில் குளித்துக்கொண்டிருந்தது.

உடையப்பன் எண்ணெய் முழுவதையும் வடித்தார். கூட்டைப் பெட்ரோலால் கழுவினார். சாம்பல் போட்டுத் துடைத்தார். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, எஞ்சின் பக்கச் சுவரில் கடுகு நுழையும் அளவு ஒரு ஓட்டை தெரிந்தது. எவனோ வேலை தெரியாதவன் துளைத்துவிட்டான் என்று நினைத்து அதில் ஒரு பித்தளைத் திருகாணியை இறுக்கினார். வண்டி சொன்ன பேச்சுக் கேட்டது. ஊர்வது நின்றது, நறநறப்பும் நின்றது. மரியசெல்வம் ஓலைப்பெட்டி நிறைய வஞ்சிரக் கருவாடு கொடுத்தனுப்பினார்.

ஆனி கடைசியில் அதே வண்டி மறுபடியும் வந்தது. இந்தத் தடவை அதை இரண்டு மாடுகள் இழுத்து வந்தன.

"என்னங்க மொதலாளி, விமானத்துக்கு மாடு பூட்டியிருக்கீங்க?" என்று பஸ் டிரைவர் ராசு கேட்டார்.

"ஒன் பஸ்ஸ ஏறுன சனம்தான இறங்கித் தள்ளுது. அதுக்கு இது தேவல," என்றார் மரியசெல்வம். சிரிக்காமல்தான் சொன்னார்.

செட்டில் இருந்தவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். உடையப்பன் கைபிரேக்கை இழுத்துவிட்டு, எஞ்சினைக் கிளப்பி, கடைசிக் கியரைப் போட்டு, பெடலை மெல்ல விட்டார். நல்ல கிளட்சாக இருந்தால் அந்த இடத்தில் எஞ்சின் திணறி அணைந்துவிட வேண்டும். இது அணையவில்லை. பாடிக்கொண்டே இருந்தது. பெடலைக் கையால் அமுக்கி அதன் ஆட்டத்தைப் பார்த்தார். இரண்டு விரற்கடை, சரியாக இருந்தது. மூடியைத் திறந்தார். குப்பென்று கருகல் வாடை அடித்தது. அந்த வண்டியின் பிளேட்டில் வரிசையாகத் தக்கைகள் பதித்திருக்கும், மருந்துப் புட்டியை அடைப்பார்களே அந்தத் தக்கை. அத்தனையும் கரியாகியிருந்தது.

"கிளட்சு வழுக்குறதுக்கு மூணு காரணந்தான் மொதலாளி," என்றார் உடையப்பன். "பெடல்ல ஆட்டம் இல்லாம இருக்கணும். இதுல ஆட்டம் இருக்கு. உள்ள எண்ணெய் போயிருக்கணும். அத நானே அடைச்சிருக்கேன், தொட்டுப் பாருங்க, ஒரு சொட்டு கெடையாது. மூணாவது, ஓட்டுறவன் கால் பெடல் மேலயே கெடக்கணும். லேசா கெடந்தாலும் போதும், பிளேட்டு தேஞ்சுக்கிட்டே சூடாகும்."

எல்லாரும் பழனிச்சாமியைப் பார்த்தார்கள்.

"நான் கால வைக்கல அத்தான்," என்றான் அவன்.

"தெரிஞ்சு வச்சிருக்க மாட்டே. தன்னப்போல போயிருக்கும்."

"தன்னப்போலயும் வைக்கல."

"நான் சொல்லல மாப்ள. தக்கை சொல்லுது."

மரியசெல்வம் உடையப்பனின் தோளில் கை வைத்தார். "சொந்த மச்சினன்னும் பாக்காம சொன்னீங்களே மேஸ்திரி. இதுக்காகத்தான் அம்புட்டுத் தூரத்துலேருந்து ஒங்களத் தேடி வாரேன்."

அந்த வார்த்தை உடையப்பனுக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்குப் போகும்போதும் அதை நினைத்துக்கொண்டே போனார். மரியசெல்வம் அன்றே பழனிச்சாமியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஆடியில் அவருடைய கம்பெனி பழனிச்சாமியை பஸ் டிரைவராக எடுத்துக்கொள்வதாக இருந்தது. ராசுவின் வாயிலிருந்து செய்தி கம்பெனிக்குப் போய், அந்த வேலையும் இல்லையென்று ஆனது. மற்ற கம்பெனிகளும் கையை விரித்தன. வண்டியைக் கருக்கியவன் என்று பெயர் விழுந்தவனுக்கு எந்த முதலாளி வண்டி கொடுப்பார்? பழனிச்சாமி மீமிசலுக்குப் போய் மீன் கூடை தூக்குகிறான் என்று கேள்வி. செவந்தி அன்றிலிருந்து சோற்றை வைத்துவிட்டு ஒரு பேச்சும் பேசாமல் எழுந்து போனாள். ஒரே ஒரு நாள் மட்டும் கேட்டாள்.

"அவன் வைக்கலைன்னு சொன்னானாமே?"

"ஆமா."

"சின்னப்புள்ளையிலேருந்து அவன் பொய் சொல்லி நான் பாத்தது இல்லைங்க."

"பொய்யின்னு நான் எங்க சொன்னேன்? அவனுக்கே தெரியாம போயிருக்கும்."

அவள் சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மெட்ராசிலிருந்து புது பிளேட்டு வர மூன்று வாரம் ஆனது. அதைப் பூட்டி, இன்று காலை கட்டுமாவடியில் வண்டியை ஒப்படைக்க உடையப்பன் தனியாகக் கிளம்பியிருந்தார். டிரைவர் என்று ஒருவன் ஒழுங்காக ஓட்டினால் இது எப்படி ஓடும் என்று தனக்குத் தானே காட்டிக்கொள்ளும் எண்ணமும் இருந்தது. அதனால்தான் வழி நெடுக இடது காலைப் பெடலை விட்டு ஒதுக்கியே வைத்திருந்தார். கியர் மாற்றும்போது தவிர அது ஒருதரம்கூடப் பெடலைத் தொடவில்லை.

பத்து மைல். புது பிளேட்டு. சுத்தமான கால். அதே வாடை.

புளியமரத்தடியில் இறங்கி, தரைப்பலகையைக் கழற்றினார். மூடியைத் தொட்டதும் கை சுட்டது. ஆறட்டும் என்று காத்திருக்க முடியவில்லை. வேட்டி நுனியைச் சுற்றிக்கொண்டு மூடியை எடுத்தார். தக்கைகளின் ஓரம் பழுப்பேறியிருந்தது, இன்னும் கரியாகவில்லை. நகத்தால் ஒன்றைக் கீறினார். பொருபொருவென்று உதிர்ந்தது. வெயிலில் கிடந்த சருகு மாதிரி அவ்வளவு உலர்ந்திருந்தது.

உலர்ந்து இருப்பதுதானே சரி என்று நினைத்தார். பதின்மூன்று வருஷமாக உலர்த்துவதுதானே என் வேலை.

அந்த நினைப்பு பாதியில் நின்றது.

துரை இந்த வண்டியை இலங்கையில் மூன்று வருஷம் மலையிலேயே ஓட்டியிருக்கிறான். அந்த மூன்று வருஷமும் தக்கை கருகவில்லை. உள்ளே எண்ணெய் இருந்தது. நான் எண்ணெயை வடித்தேன். வடித்த பிறகு கருகியது. பழைய தக்கை குடித்திருந்த எண்ணெய் தீருகிற வரை இரண்டு மாதம் தாங்கியது. புதுத் தக்கை எண்ணெயே பார்க்காதது. பத்து மைல்கூடத் தாங்கவில்லை.

திருப்புளியை எடுத்து, எஞ்சின் பக்கச் சுவரில் தான் இறுக்கிய பித்தளைத் திருகாணியைக் கழற்றினார். ஓட்டையின் வாயை விரலால் தடவிப் பார்த்தார். வட்டம் பிசகில்லாமல் இருந்தது. வாயின் விளிம்பு எண்ணெய் சீராக இறங்குவதற்காகச் சரிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. சித்திரையில் அடைத்தபோதும் இதே விளிம்பு இதே விரலில் பட்டது. அப்போது தெரியவில்லை. இது தெரியாதவன் துளைத்த ஓட்டை இல்லை. அளவெடுத்து, யோசித்து, இந்த இடத்தில் இத்தனை எண்ணெய் வர வேண்டும் என்று வைத்த வழி. தெரியாதவன் அதை அடைத்தவன்தான்.

அவர் சாலையில் உட்கார்ந்துவிட்டார். வண்டிக்காரர் ஒருவர் மாட்டை நிறுத்தி, "என்னண்ணே, மயக்கமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினார். மாட்டு வண்டி போய்விட்டது.

நோயே இல்லாத வண்டிக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். காலையில் கொஞ்சம் ஊர்வது எண்ணெய்க் கிளட்சுக்குச் சுபாவம். அந்தச் சுபாவத்தை அடக்கி வண்டியைக் கருக்கி, கருக்கியவன் நீதான் என்று இன்னொருவனைக் கை காட்டியிருக்கிறேன்.

எஞ்சினுக்கு ஊற்றும் மாற்று எண்ணெய் டின் வண்டியின் பின்னால் இருந்தது. கூட்டுக்குள் ஊற்றினார். உலர்ந்த தக்கை எண்ணெயை உறிஞ்சியது கண்ணுக்கே தெரிந்தது. நிறம் மாறி, உப்பி, மினுமினுத்தது. அரை மணி நேரம் அது குடிக்கட்டும் என்று விட்டார். பிறகு மூடியைப் பூட்டி, கைபிரேக்கை இழுத்து, எஞ்சினைக் கிளப்பி, கடைசிக் கியரில் பெடலை விட்டார். எஞ்சின் ஒரே உதறலில் அணைந்தது.

மறுபடியும் செய்தார். அணைந்தது. மூன்றாம் தரமும் அணைந்தது.

எண்ணெயில் முங்கிய கிளட்சு பிடித்துக்கொண்டு நிற்கிறது. நீரில் நெருப்பு எரிவதைப் பார்ப்பதுபோல அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளங்கையில் திருகாணி இருந்தது. நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது. அதை அந்தப் பொட்டலில் வீசிவிட்டால் தேடியும் எடுக்க முடியாது. வண்டி இப்போது நன்றாக ஓடும். இனிமேல் கருகாது. பழைய டிரைவர் போனதும் வண்டி சரியாகிவிட்டது என்றுதான் ஊர் சொல்லும். மேஸ்திரி சொன்னது எவ்வளவு சரி என்றும் சொல்லும். யாரும் கேட்கப் போவதில்லை. அது அவருக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததே அவருக்குப் பயமாக இருந்தது. திருகாணியை மடியில் முடிந்துகொண்டு வண்டியைக் கிளப்பினார்.

கட்டுமாவடியில் மரியசெல்வம் மணலில் பரப்பிய கருவாட்டுக்கு நடுவே நின்று ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா, எம்புட்டு அமைதியா வருது. கால் நல்ல காலா இருக்கணும்."

உடையப்பன் இறங்கி, மடியை அவிழ்த்து, திருகாணியை எடுத்து நீட்டினார்.

"வண்டியக் கருக்குனது நான் மொதலாளி. இதுதான் கருக்குச்சு."

மரியசெல்வம் திருகாணியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சிரித்தார். "வீட்டுல தங்கச்சி சோறு போட மாட்டேங்குதா?"

"அதெல்லாம் இல்ல. நெசமாத்தான் சொல்லுறேன்."

"மேஸ்திரி, மச்சினனுக்காகப் பரிஞ்சு பேசுறதுன்னா அன்னைக்கே பேசியிருக்கலாம். இப்ப எதுக்கு பழியத் தூக்கி ஒங்க தலையில போட்டுக்கிறீங்க?"

"அன்னைக்கு நான் சொன்னதத் தட்டாம நம்புனீங்களே."

"அவனுக்கு எதிராச் சொன்னீங்க, நம்புனேன். சாதகமாச் சொன்னா யோசிக்கணும்ல?" மரியசெல்வத்தின் சிரிப்பு நின்றது. "அதுவும் போக, அவனே ஒத்துக்கிட்டான்."

உடையப்பனுக்குப் புரியவில்லை. "யாரு?"

"பழனிச்சாமிதான். மறுநாளே வீட்டு வாசல்ல வந்து நின்னான். என் கால்தான் மொதலாளி, எனக்கே தெரியாமப் போயிருக்கு, மன்னிச்சுக்கங்கன்னான். நான் என்ன அடிச்சா கேட்டேன்? அவனா வந்து சொன்னான்."

கடல் காற்றில் கருவாட்டு வாடையோடு மணலும் வந்து முகத்தில் அடித்தது. உடையப்பன் கண்ணைத் துடைக்கவில்லை. வழியெல்லாம் பழனிச்சாமியின் கோபத்துக்குத்தான் அவர் தன்னைத் தயார் செய்துகொண்டு வந்தார். அவன் திட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டும், அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று. செய்யாததை அவன் ஒத்துக்கொண்டிருப்பான் என்பது அவர் நினைப்பில் எந்த மூலையிலும் இல்லை.

"வண்டில ஏறுங்க," என்றார்.

"எங்க?"

"ஏறுங்க மொதலாளி."

மணல் மேட்டில் வண்டியை ஏற்றிக் காட்டினார். கைபிரேக்கை இழுத்து எஞ்சினை அணைத்துக் காட்டினார். பிறகு மூடியைத் திறந்து மரியசெல்வத்தின் விரலைப் பிடித்து உள்ளே விட்டார். விரல் எண்ணெயோடு வெளியே வந்தது.

"சித்திரையில நான் வடிச்சுக் கொட்டுனது இந்த எண்ணெயத்தான். பஸ்ஸுக்கு எண்ணெய் வெசம். இதுக்கு அதுதான் உசுரு. எனக்குத் தெரியல. தெரியலைன்னுகூட எனக்குத் தெரியல. இன்னைக்குக் காலையில என் கால தரையில ஊனிக்கிட்டே ஓட்டுனேன், பத்து மைல்ல கருக ஆரம்பிச்சிருச்சு."

மரியசெல்வம் விரலைத் துடைக்காமல் வெகுநேரம் பார்த்தார். கத்துவார் என்று உடையப்பன் எதிர்பார்த்தார்.

"அப்ப அவன் எதுக்குய்யா ஒத்துக்கிட்டான்?" என்று மட்டும் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"அதத்தான் போய்க் கேக்கணும்."

"போங்க. நானும் வந்தா அவனுக்குச் சீட்டு இருக்காது. திரும்பி வாரப்ப அவன் ஓட்டிக்கிட்டு வரட்டும்."

மீமிசல் போய்ச் சேர்ந்தபோது படகுகள் கரையேறி, மீன் ஏலம் முடியும் நேரம். ஈரக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்த பிச்சையம்மாள் என்ற மீன்காரியிடம் பழனிச்சாமி எங்கே என்று கேட்டார்.

"எந்தப் பழனிச்சாமி?"

"புதுக்கோட்டையிலேருந்து வந்தவன். டிரைவர்."

"எரிகாலனா? அப்புடிச் சொல்லுங்க. அந்தா, அங்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க."

"என்ன பேரு அது?"

"அவன் கால் பட்டா இரும்பும் எரிஞ்சுபோகுமாம்ல. அவனே சொன்னான். இங்க ஒருத்தரும் படகுல ஏத்த மாட்டேங்கிறாக. நல்ல பய. கூடைக்குக் கூடை சிரிச்சுக்கிட்டே தூக்குவான்."

பழனிச்சாமி கவிழ்த்த படகின் நிழலில் உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டிருந்தான். உடையப்பனைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் உடையப்பனை முதலில் அடித்தது.

"வாங்கத்தான். அக்கா நல்லா இருக்கா?"

உடையப்பன் எல்லாவற்றையும் சொன்னார். ஓட்டை, திருகாணி, எண்ணெய், பத்தாவது மைல்கல், ஒன்றையும் விடவில்லை. நாளைக்குச் செட்டில் ராசுவையும் மற்றவர்களையும் நிறுத்தி வைத்துச் சொல்வதாகவும், கம்பெனியிலும் சொல்வதாகவும் சொன்னார். பழனிச்சாமி நுங்கைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"அப்ப நான் கால வைக்கலையா?" என்றான்.

உடையப்பன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நெசமாவே வைக்கலையா அத்தான்?"

"வைக்கலடா. நீதான அன்னைக்கே சொன்ன. அப்பறம் ஏன்டா போயி ஒத்துக்கிட்ட?"

"நீங்க சொன்னீங்கள்ல." அவன் அதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னான். "ஒங்க பேச்சு எந்த வண்டியிலயும் தப்புனது இல்ல. ராத்திரி பூரா யோசிச்சேன். அத்தான் பொய் சொல்ல மாட்டாக. நானும் பொய் சொல்லல. அப்ப என் கால்தான் எனக்குத் தெரியாம என்னமோ செய்யுதுன்னு ஆச்சு. வேற வழியில்லையே? காலையில எந்திரிச்சதும் போயிச் சொல்லிட்டேன்."

"ஒன் கால ஒனக்குத் தெரியாதாடா?"

"தெரியும்னுதான் நெனச்சிருந்தேன்."

அலை வந்து படகின் அடிமரம் வரை நனைத்துவிட்டுப் போனது. உடையப்பன் சாவியை நீட்டினார். பழனிச்சாமி வாங்காமல் நின்றான். பிச்சையம்மாள் தூரத்திலிருந்து, "ஏய் எரிகாலு, விமானம் ஒன்னைத் தேடி வந்திருக்கா?" என்று கத்தினாள். மற்றப் பெண்கள் சிரித்தார்கள்.

"ஆத்தா," என்றார் உடையப்பன், அவர்கள் பக்கம் திரும்பி. அவருக்குக் கூட்டத்தில் உரக்கப் பேசிப் பழக்கமில்லை. "இவன் எதையும் எரிக்கல. எரிச்சவன் நான். புதுக்கோட்டை மேஸ்திரி உடையப்பன் சொன்னான்னு எல்லாருக்கும் சொல்லு."

சிரிப்பு அடங்கியது. பிச்சையம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு கூடையை எடுத்துக்கொண்டாள். பழனிச்சாமி சாவியை வாங்கினான்.

கடலை ஒட்டிய சாலையில் வண்டி வடக்கே போனது. பழனிச்சாமி கியரை மாற்றியது சத்தமே கேட்காமல் இருந்தது. மூன்று வாரத்தில் கை எதையும் மறக்கவில்லை. வண்டி நாற்பது மைல் வேகத்தைத் தொட்டது. வாடை இல்லை. எஞ்சினும் சக்கரமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடின. உடையப்பன் சீட்டில் சாய்ந்து, முதல் தடவையாக மூச்சை இழுத்துவிட்டார்.

அப்போதுதான் கீழே பார்த்தார்.

பழனிச்சாமியின் இடது கால் பெடலில் இல்லை. தரையிலும் இல்லை. தரைக்கு நாலு விரல் மேலே, முழங்கால் மடங்கி, விரல்களைச் சுருட்டிக்கொண்டு அந்தரத்தில் நின்றது. கெண்டைக்கால் சதை வெடவெடவென்று நடுங்கியது.

"மாப்ள, கால தரையில வை."

"வச்சிருக்கேன் அத்தான்," என்றான் பழனிச்சாமி, சாலையைப் பார்த்தபடி.

உடையப்பன் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மறுபடியும் கீழே பார்த்தார். கால் அங்கேயேதான் தொங்கியது.

சொன்னால் இன்னும் ஒரு தரம் தன் காலை அவன் நம்பாமல் போவான். சொல்லாமல் இருந்தால் கால் இப்படியே தொங்கும். ஒரு மைல் போனது. பிறகு அவர் சீட்டிலிருந்து சரிந்து குனிந்து, மச்சினனின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தார். மீன் செதில் ஒட்டிய, உப்பு வெளுத்த பாதம். அதை மெல்லக் கீழே இறக்கித் தரைப்பலகையில் வைத்து அழுத்திக்கொண்டார்.

வண்டி ஒரு கணம் ஆடி நேரானது.

"என்னத்தான் இது? விடுங்க. நீங்க போயி என் கால..."

"நீ ரோட்டப் பாரு."

"விடுங்கத்தான், யாராச்சும் பாத்தா..."

"பாக்கட்டும்."

உடையப்பனின் கைக்கு அடியில் நடுக்கம் மெதுவாகக் குறைந்தது. எதிரே மாட்டு வண்டிகள் வரிசையாக வந்தன.

"கியர் மாத்தணும்," என்றான் பழனிச்சாமி.

"மாத்து."

உடையப்பன் கையை எடுத்தார். கால் பெடலை அமுக்கியது, கியர் விழுந்தது, கால் விலகியது. விலகி, தரைக்கு வராமல் மேலேயே நின்றது. உடையப்பன் மறுபடியும் குனிந்தார்.